எழுதப்படாத ஒப்பந்தம்



இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த பேசில்டன் என்னும் ஊரில், 1980-ஆம் ஆண்டில் நான்கு வாலிபர்கள் ஒன்றுகூடி, சிந்தசைசர் என்னும் மின்வாத்தியத்தையே பிரதானமாக வைத்துக்கொண்டு பாடத் தொடங்கி, பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் அழைத்தும் போகாமல், ஒரு தனி மனிதர் நடத்திய சிறு ஸ்தாபனத்தையே நம்பி, பத்தாண்டுகளுக்குள் உலகத்தின் பெரிய அரங்குகளை நிரப்பிய வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். டிபெஷ் மோட் என்பது அந்தக் குழுவின் பெயர். அவர்களுடைய பாட்டுகளை மட்டும் வியந்து பேசி அமர்ந்துவிட்டால் விஷயத்தில் பாதியைத்தான் சொன்னவனாவேன். அந்தப் பாட்டுகள் எந்த ஏற்பாட்டின் கீழே பிறந்தன, யார் யாரை நம்பினார்கள், அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கலைஞனுடைய சுயேச்சையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பணத்தையே முதலில் நினைக்கிறோம். என் அபிப்பிராயத்தில் அது காலத்தைப் பற்றிய விஷயம். ஒருவன் தவறுவதற்கும், தேறுவதற்கும், முதிர்வதற்கும் வேண்டிய ஆண்டுகளை அவனிடமிருந்து யாரும் பறிக்காமல் இருப்பதுதான் அவனுக்கு வாய்க்கக்கூடிய மிகப் பெரிய சுதந்திரம்.

கதை பேசில்டனில் தொடங்கவில்லை. லண்டனில், டேனியல் மில்லர் என்பவரிடம் தொடங்குகிறது. சினிமாப் படத்தொகுப்புத் தொழிலில் வேலை பார்த்தவரான அவர், கார்க் கம்பெனியின் சிறிய சிந்தசைசர் ஒன்றையும், நான்கு தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு, தம் வீட்டிலேயே இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து, 1978-இல் 'தி நார்மல்' என்ற புனைபெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார். அதற்கு முன்பு சிந்தசைசர் என்றால் செல்வம் படைத்த குழுக்களுக்கும் சர்வகலாசாலை ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே எட்டக்கூடிய வஸ்துவாக இருந்தது. ஜப்பானியக் கம்பெனிகள் அதைச் சிறிதாக்கி விலையையும் இறக்கிய பிறகு, விரல் பழக்கம் இல்லாதவனும், ஸ்வர ஞானத்தை முறையாகக் கற்காதவனும், காதையும் பொறுமையையும் மூலதனமாகக் கொண்டு சங்கீதம் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டது. மில்லர் அந்தத் தட்டின் உறையில், தாம் தாயாருடன் வசித்த வீட்டின் முகவரியை அச்சிட்டிருந்தார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் முன்பின் அறியாதவர்கள் தங்கள் ஒலிநாடாக்களை அந்த முகவரிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஸ்தாபனம் நடத்த வேண்டும் என்று நினைத்தே பார்க்காத ஒருவர் இவ்விதமாக மியூட் ரெக்கார்ட்ஸ் என்ற ஸ்தாபனத்துக்குச் சொந்தக்காரரானார்.

பேசில்டன் என்பது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, லண்டனின் நெரிசலைக் குறைப்பதற்காக அரசாங்கம் திட்டமிட்டு எழுப்பிய புதிய நகரங்களில் ஒன்று. பழைய சம்பிரதாயங்களின் பாரமும் இல்லை, துணையும் இல்லை. அங்கே வளர்ந்த வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்ட்ரூ ஃபிளெட்சர் என்ற மூவரும், பிறகு அவர்களோடு பாடகராகச் சேர்ந்த டேவ் கஹானும் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள், அல்லது அப்பொழுதுதான் எட்டியவர்கள். கோர் ஒரு பாங்கியில் குமாஸ்தா. ஃபிளெட்சருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உத்தியோகம். மோட்டார் வண்டி இல்லாததால், ஆளுக்கொரு சிந்தசைசரைக் கையில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிக் கச்சேரிக்குப் போய்வந்தார்கள். கிட்டாரும் டிரம்மும் முழங்கிய குழுக்கள் வண்டி நிறையப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற காலத்தில், இவர்களுடைய வாத்தியங்கள் கைச்சுமையாக அடங்கின என்பதே ஒரு புதுமை.

1980-ஆம் ஆண்டின் இறுதியில், கிழக்கு லண்டனில் கானிங் டவுன் பகுதியிலுள்ள பிரிட்ஜ் ஹவுஸ் என்ற மதுக்கடை அரங்கில் அவர்கள் வாசித்ததை மில்லர் கேட்டார். தம்முடைய கலைஞரான ஃபேட் கேட்ஜெட்டின் நிகழ்ச்சிக்காக வந்தவர் அவர். முன்னால் வாசித்த சிறுவர்களே அவர் மனத்தைக் கவர்ந்தார்கள். மேளதாளமில்லாத அந்த மெல்லிய வாத்தியங்களில் அத்தனை செம்மையான பாட்டுகள் எழுவதைக் கண்டு, உங்களோடு ஓர் இசைத்தட்டு போட்டுப் பார்க்கிறேன், இருதரப்புக்கும் பிடித்திருந்தால் மேற்கொண்டு பார்ப்போம் என்ற அளவில் அவர் பேசினார். பெரிய கம்பெனிகளின் பிரதிநிதிகளும் அந்தச் சமயத்தில் அவர்களைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். முன்பணம் என்று பெருந்தொகைகளும் காட்டப்பட்டன. வாலிபர்கள் மில்லரைத் தேர்ந்தார்கள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, வக்கீல் இல்லை, கைகுலுக்கல் மாத்திரமே. செலவு போக வரும் லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. பல ஆண்டுகள் வரை அந்த வாய்மொழியே சட்டமாக நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பணம் என்பது பார்வைக்குப் பரிசு, உண்மையில் கடன். அதை வாங்கியவன் தட்டு விற்று அடைத்தாக வேண்டும். அடைக்கும்வரை எந்தப் பாட்டு வெளிவர வேண்டும், எப்பொழுது வெளிவர வேண்டும் என்பதில் கடன் கொடுத்தவனுடைய குரலும் சேர்ந்து ஒலிக்கும். முன்பணம் வாங்காதவனுக்கு வறுமை உண்டு. ஆனால் அவசரம் இல்லை. பிரிட்டனில் 1980 ஜனவரி முதல் சுயேச்சை இசைத்தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வெளியாயிற்று. அதில் இடம்பெறுவதற்கு நிபந்தனை பாட்டின் தன்மை அன்று, அந்தத் தட்டு பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் செல்லாமல் இருப்பதே. ஆகவே இனிய மெட்டுப் போட்ட டிபெஷ் மோட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. காதைக் கிழிக்கும் குழுக்களும் அதே பட்டியலில் இருந்தன.

முதல் தட்டான 'டிரீமிங் ஆஃப் மீ' 1981 பிப்ரவரியில் வெளியாகி, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 57-ஆம் இடத்தோடு நின்றது. அதே ஆண்டில் 'நியூ லைஃப்' 11-ஆம் இடத்துக்கும், 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' 8-ஆம் இடத்துக்கும் ஏறின. லண்டன் சவுத்வார்க்கில், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்தில் எரிக் ராட்கிளிஃப் என்பவர் நடத்திய பிளாக்விங் ஒலிப்பதிவுக்கூடத்தில் முதல் ஆல்பம் உருவாயிற்று. அந்த வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மில்லரிடம் ஏ.ஆர்.பி. 2600 என்ற பெரிய சிந்தசைசர் இருந்தது. அதில் ஒலியை எழுப்பும் பகுதி ஒன்று, அதன் கூர்மையை வடிகட்டும் பகுதி ஒன்று, ஒலி எழுந்து அடங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதி ஒன்று என்று தனித்தனியே உண்டு. இவற்றைக் கம்பிகளால் இணைத்தும், குமிழ்களைத் திருகியும் ஒவ்வொரு நாதத்தையும் கையாலேயே படைக்க வேண்டும். ஞாபகசக்தி அந்தக் கருவிக்குக் கிடையாது. கம்பியைப் பிடுங்கினால் நாதம் போயிற்று. ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு ஸ்வரங்களுக்கு மேல் பேசவும் மாட்டாது. ஆகையால் கீழ்ஸ்தாயி வரி ஒன்றைச் செய்து, பதிவு செய்து, கலைத்து, அடுத்த வரிக்கு வேறொரு நாதத்தை முதலிலிருந்து செய்து, இப்படியே அடுக்கடுக்காகப் பாட்டை எழுப்பினார்கள். யந்திர சங்கீதம் என்று சொல்லி இதை இகழ்ந்தவர்கள், அந்த யந்திரத்துக்கு முன்னால் மனிதர்கள் எத்தனை நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அறியாதவர்கள்.

அந்த முதல் ஆல்பத்தில் பெரும்பான்மையான பாட்டுகளை எழுதியவர் வின்ஸ் கிளார்க். ஆல்பம் வெளிவந்து, புகழ் வாசற்படியில் வந்து நின்ற அதே 1981-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் குழுவை விட்டு விலகினார். விளம்பரமும் சுற்றுப்பயணமும் அவருக்கு ஒவ்வவில்லை. பிறகு அவர் ஆலிசன் மொயே என்ற பாடகியோடு யாஸூ என்ற குழுவையும், ஆண்டி பெல்லோடு இரேஷர் என்ற குழுவையும் அமைத்து, அவற்றின் தட்டுகளையும் மில்லரிடமே வெளியிட்டார் என்பது அந்த ஸ்தாபனத்தின் குணத்துக்கு நல்ல சாட்சி. எஞ்சியவர்களின் நிலைதான் யோசிக்கத் தக்கது. பாட்டெழுதுகிறவனை இழந்த மூன்று பேர். கோர் அதற்கு முன் அந்த ஆல்பத்தில் எழுதியது இரண்டே உருப்படிகள், அவற்றிலும் ஒன்றில் வார்த்தையே கிடையாது. முன்பணம் கொடுத்த பெரிய கம்பெனியாக இருந்தால், வெளியிலிருந்து பாட்டெழுதுகிறவர்களை வரவழைத்திருக்கும், அல்லது கணக்கை முடித்திருக்கும். மில்லர் இரண்டையும் செய்யவில்லை. கோர் இளம் பருவத்தில் எழுதி வைத்திருந்த 'சீ யூ' என்ற பாட்டை 1982-இன் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். கிளார்க்கின் பாட்டுகள் எட்டாத 6-ஆம் இடத்துக்கு அது போயிற்று.

பத்திரிகை விளம்பரம் ஒன்றின் மூலம் ஆலன் வைல்டர் குழுவுக்கு வந்தார். இருபத்தொரு வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்று விளம்பரம் கேட்டது. அதைத் தாண்டியிருந்த வைல்டர் வயதைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்தார். முறையாகப் பியானோ பயின்றவர், அந்தக் குழுவில் அவர் ஒருவரே. இருந்தும் இரண்டாவது ஆல்பமான 'எ புரோக்கன் ஃபிரேம்' பதிவின்போது அவரைச் சேர்த்துக்கொள்ளாமல், தாங்கள் மூவரே செய்ய முடியும் என்று நிரூபிக்க விரும்பினார்கள். அந்த ஆல்பம் என் செவிக்கு இன்றும் தயக்கம் நிறைந்ததாகவே கேட்கிறது. கிளார்க்கின் லாகவமும் இல்லை, பின்னால் வந்த கோரின் ஆழமும் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை ஒரு தட்டு முழுவதும் பகிரங்கமாகத் தயங்கித் தீர்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த அனுமதியில்லாமல் அடுத்த ஆல்பம் பிறந்திருக்காது.

அடுத்தது 1983-இல் வந்த 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்'. லண்டன் ஷோர்டிச் பகுதியில் ஜான் ஃபாக்ஸ் நடத்திய கார்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில், கேரத் ஜோன்ஸ் என்ற இளம் ஒலிப்பதிவாளரின் துணையோடு வேலை நடந்தது. சாம்பிளர் என்ற கருவி அப்பொழுதுதான் வந்திருந்தது: வெளியுலகத்தின் எந்தச் சத்தத்தையும் அதற்குள் பதிந்துகொண்டால், கட்டையை அழுத்தும்போது அந்தச் சத்தம் ஸ்வர ஸ்தானங்களில் ஏறியும் இறங்கியும் பேசும். இவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்புறத்திலிருந்த ரயில்வே நிலங்களுக்குப் போனார்கள். நெளிதகரத்தைத் தட்டினார்கள், இரும்பை இரும்பால் அடித்தார்கள், கற்களை உருட்டினார்கள். அத்தனையும் திரும்பி வந்து தாளமாகவும் சுருதியாகவும் மாறின. 'பைப்லைன்' என்ற பாட்டு இப்படிச் சேகரித்த சத்தங்களாலேயே கட்டப்பட்டது. பிறகு ஆல்பத்தை மேற்கு பெர்லினில், பெர்லின் சுவருக்குச் சமீபத்திலிருந்த ஹன்சா கூடத்துக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த விசாலமான மண்டபத்தில் ஒலிபெருக்கிகள் வழியாகச் சிந்தசைசரின் நாதத்தைப் பாயவிட்டு, அது சுவர்களில் மோதித் திரும்பும்போது மீண்டும் பதிவு செய்தார்கள். மின்சாரத்திலேயே பிறந்து மின்சாரத்திலேயே அடங்கியிருந்த நாதம் முதன்முறையாகக் காற்றில் நடமாடியது. அந்த மாறுதலை ஒரே முறை கேட்டவர்களும் மறக்க மாட்டார்கள்.

இந்தக் காலமெல்லாம் பிரிட்டிஷ் விமர்சகர்களில் பலர் அவர்களைச் சிறுவர்கள் கூட்டம் என்றே எழுதினார்கள். மேடையில் டிரம் வாசிப்பவர் இல்லை; ஒலிநாடாக் கருவி ஒன்று எல்லோரும் பார்க்கும்படியாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதை மறைக்காமல் வைத்தது நேர்மை என்று தோன்ற வேண்டியிருக்க, ஏமாற்று என்று தோன்றியது. ஜெர்மனியில் நிலை வேறு. 1984-இல் 'பீப்பிள் ஆர் பீப்பிள்' அங்கே முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் சயர் கம்பெனி அவர்களுடைய தட்டுகளை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஆர்.ஓ.க்யூ. வானொலி அவர்களை ஓயாமல் ஒலிபரப்பியது. 1986-இல் வந்த 'பிளாக் செலிப்ரேஷன்' பெரிய வெற்றிப்பாட்டு எதையும் தரவில்லை. இருண்ட, அடர்ந்த, பிடிவாதமான ஆல்பம் அது. ஒரு நாள்கூட ஓய்வெடுப்பதில்லை என்று விரதம் பூண்டு அதைப் பதிவு செய்தார்கள். என்னைக் கேட்டால், அவர்களுடைய கலையின் உச்சம் அதுவே என்பேன்; பின்னால் வந்த பிரசித்தமான ஆல்பங்களில் உள்ள மெருகெல்லாம் அந்த இருட்டிலிருந்து எடுத்ததுதான். அந்த ஆண்டு முதல் ஆன்டன் கோர்பைன் என்ற டச்சுப் புகைப்படக் கலைஞர் அவர்களுக்காகப் படம் எடுக்கத் தொடங்கியதும், குழுவின் ஒலிக்கு ஏற்ற முகம் ஒன்றும் கிடைத்தது.

1988 மார்ச் 7-ஆம் தேதி, கிழக்கு ஜெர்மனியின் இளைஞர் அமைப்பு ஏற்பாடு செய்ய, கிழக்கு பெர்லினில் பாடினார்கள். அதே ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி, கலிபோர்னியாவில் பசடேனாவிலுள்ள ரோஸ் பௌல் மைதானத்தில், அந்தச் சுற்றுப்பயணத்தின் 101-ஆவது நிகழ்ச்சியாக, 60,000-க்கும் மேற்பட்டவர்களின் முன்னிலையில் பாடினார்கள். பாப் டிலனைப் படமெடுத்துப் புகழ்பெற்ற டி. ஏ. பென்னிபேக்கர் அந்தப் பயணத்தை '101' என்ற படமாக்கினார். வாய்மொழி ஒப்பந்தத்தில் நின்ற ஒரு குழு, பெரிய கம்பெனிகளின் நட்சத்திரங்களே தயங்கும் மைதானத்தை நிரப்பியது. அதற்கு அவர்களுக்கு எட்டாண்டுகள் பிடித்தன என்பதையும் உடன் சேர்த்து எண்ண வேண்டும்.

1990 மார்ச்சில் 'வயலேட்டர்' வெளிவந்தது. அதிலுள்ள 'என்ஜாய் தி சைலன்ஸ்' என்ற பாட்டின் பிறப்பைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கோர் அதை மிக மெதுவான சோகப் பாட்டாகத்தான் இயற்றினார். மாதிரிப் பதிவில் அவர் குரலுக்குத் துணை நின்றது ஹார்மோனியம் ஒன்றே. நம் நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் ஆட்சி செய்த அதே வாத்தியம். 1940 முதல் முப்பதாண்டுக்கு மேல் அகில இந்திய வானொலி உள்ளே விடாமல் ஒதுக்கி வைத்த அதே வாத்தியம், உலகத்தின் மிகப் பிரசித்தமான மின்னிசைப் பாட்டுகளில் ஒன்றுக்குத் தாய்வீடாக இருந்தது என்று அறியும்போது எனக்கு அளவற்ற சந்தோஷம் உண்டாகிறது. அந்த மெதுவான பாட்டை வேகப்படுத்தினால் என்ன என்று கேட்டவர் வைல்டர். கோருக்கு முதலில் சம்மதமில்லை. பாட்டின் பொருளுக்கே விரோதம் என்று வாதாடினார். டென்மார்க்கிலுள்ள பக் ஒலிப்பதிவுக்கூடத்தில் வைல்டரும், தயாரிப்பாளர் ஃபிளட் அவர்களும் சேர்ந்து தாளக்கட்டை அமைத்து முடித்த பிறகு, கோர் கிட்டாரில் ஒரு சிறு வரியை வாசித்தார், கஹான் பாடினார். பிரிட்டனில் 6-ஆம் இடம், அமெரிக்காவில் 8-ஆம் இடம். இயற்றியவனே மறுத்த ஒரு மாற்றத்தைச் சோதித்துப் பார்க்கக் குழுவுக்குள் இடம் இருந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

ஆனால் அதே வைல்டரைப் பற்றிய அடுத்த செய்தி வருத்தம் தருவது. 1993-இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்' பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பெற்றது. அதைத் தொடர்ந்த நீண்ட சுற்றுப்பயணம் குழுவைச் சின்னாபின்னமாக்கியது. ஃபிளெட்சர் உடல்நலமும் மனநலமும் குன்றிப் பயணத்தின் கடைசிப் பகுதியிலிருந்து விலகினார். 1995 ஜூன் 1-ஆம் தேதி வைல்டர் ராஜினாமா செய்தார். வேலையின் பாரம் சமமாகப் பங்கிடப்படவில்லை, செய்த வேலைக்கு உரிய அங்கீகாரம் கிட்டவில்லை என்பது அவர் வெளியிட்ட காரணம். 1996 மே மாதத்தில் கஹான் போதைமருந்தின் வேகத்தில் இதயம் நின்று, மருத்துவ உதவியால் உயிர் மீண்டார். வெளியார் எவரும் கட்டளையிடாத இடத்தில், உள்ளே யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை அளந்து சொல்லவும் எவரும் இல்லை. கைகுலுக்கலில் எழுதப்படாமல் விட்டதில் இதுவும் ஒன்று. அந்தக் குழுவின் நாதத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் செதுக்கியவர் அப்படிப் போயிருக்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எஞ்சிய மூவரும் 1997-இல் 'அல்ட்ரா' ஆல்பத்தோடு எழுந்து நின்றார்கள். 2002-இல் மியூட் ஸ்தாபனத்தை இ.எம்.ஐ. கம்பெனி வாங்கியது, மில்லர் தலைமையில் நீடித்தார். 2010-இல் அவர் அதிலிருந்து பிரிந்து மறுபடியும் சுயேச்சையாக நடத்தத் தொடங்கினார். குழுவோ 2013-இல் வந்த 'டெல்ட்டா மெஷின்' முதல் கொலம்பியா கம்பெனியின் பெயரோடு தட்டுகளை வெளியிட்டது. இதைக் கொள்கை மாற்றம் என்று குறை சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஐம்பது வயதை எட்டிய மனிதர்கள், தங்கள் தீர்மானத்தைத் தாங்களே செய்யும் பழக்கத்தை முப்பதாண்டுகளில் ஊறவைத்துக்கொண்ட பிறகு, எந்தக் கம்பெனியின் முத்திரையோடு தட்டு விற்றாலும் அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போவதில்லை.

ஆண்ட்ரூ ஃபிளெட்சர் 2022 மே 26-ஆம் தேதி காலமானார். பாட்டெழுதாதவர், முன்னின்று பாடாதவர், வாத்தியத்திலும் பெரிய வல்லமை இல்லாதவர். ஆனால் ஆரம்ப நாட்களில் மானேஜர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாத அந்தக் குழுவின் கணக்கையும் காரியத்தையும் பார்த்துக்கொண்டவர், கோருக்கும் கஹானுக்கும் இடையே பேச்சு முறியாமல் காத்தவர். கைகுலுக்கலை நம்பி நடக்கும் கூட்டத்துக்கு இத்தகைய ஒருவர் இல்லாமல் முடியாது. அவர் மறைந்த சில வாரங்களில் மற்ற இருவரும் திட்டமிட்டபடியே ஒலிப்பதிவைத் தொடங்கினார்கள். 'மெமென்டோ மோரி' 2023 மார்ச்சில் வெளிவந்தது. இடையில் நின்றவர் போனபின் தாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று என்றும், அதனால் முன்னைவிட நெருங்கினோம் என்றும் அவர்கள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நான் பேசுவதைவிட நீங்கள் கேட்பது நல்லது. ஒலிபரப்புக்கு மூன்று உருப்படிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறேன்: பிளாக்விங் தேவாலயத்தில் பதிவான 'நியூ லைஃப்' முதலில், ரயில்வே நிலத்துத் தகரங்கள் பேசும் 'பைப்லைன்' அடுத்து, கடைசியில் 'என்ஜாய் தி சைலன்ஸ்'. இரண்டாவதைக் கேட்கும்போது மட்டும் மெட்டைத் தொடராமல், பின்னணியில் எந்தச் சத்தம் எங்கே வந்து எந்தத் தாள இடத்தில் அமர்கிறது என்று கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.